கரும்பலகையில் இருந்தது எருமை மாடு

அனுப்புறவர்:
றஹீம் றஸ்மியா (வயது 19),
அம்பகஸ்வெல,
நாவுல.

பெறுறவர்:
வித்தியாதிபதி அவர்கள்,
வித்தியா கந்தோர்,
மாத்தளை.

ஊடாக: ஒருத்தரும் இல்ல. போன ரெண்டு மனுவும் வட்டாரக் கல்வி அதிகாரி ஊடாக வரலன்னு திரும்பி வந்திச்சு. மனுவே அவரு எழுதின அறிக்கையப் பத்தினது. அத அவரு கையிலயே குடுத்தனுப்ப எனக்கு மனசு வரல. மன்னிக்கணும்.

விடயம்: அம்பகஸ்வெல அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலை உதவி ஆசிரியை செல்வி மார்ஜரி பஸ்தியாம்பிள்ளை மேல போட்டிருக்கிற குத்தம் பத்தியும், அத செஞ்சது நான்தான்ங்கிறது பத்தியும்.

கனம் ஐயா,

எனக்கு மனுத் தமிழ் வராது. முதல் மனுவ கச்சேரிக் கந்தோருக்கு முன்னால மனு எழுத மேசை போட்டிருக்கிற ஒருத்தர்தான் எழுதித் தந்தாரு. தங்கள் பொற்பாதங்களில்னு தொடங்கி ரெண்டு பக்கம் போச்சு. வீட்டுக்கு வந்து வாசிச்சா, டீச்சருக்கு என்ன நடந்திச்சுங்கிறது அதுல ஒரு இடத்துலயும் இல்ல. அதனால இத நானே, பேசுற மாதிரியே எழுதுறேன். எங்கயாவது மரியாத கொறைஞ்சிருந்தா அது எனக்கு எழுதத் தெரியாததால. வேணும்னு இல்ல.

1. நான் அதே பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சேன். யாரும் என்னய நிப்பாட்டல. நானே நின்னேன். ஒரே வாங்குல ஆறு மணித்தியாலம் குந்தி இருக்க என்னால ஏலாது. தையல் பழகப் போனேன், ரெண்டு மாசம். பீடி சுத்தப் போனேன், அது அதவிடக் கொறவு. விசாரணையில யாராவது எழும்பி, இவ ஒரு வேலயிலயும் ஒழுங்கா நிக்காதவ, வாய் நீளமானவன்னு சொல்லுவாங்க. அது உண்மதான். ஐயா அத முதல்ல எங்கிட்ட இருந்தே கேட்டுக்கிட்டா நல்லம்.

2. போன வருசம் மாசியில இருந்து எங்க ஊருல நடுக்கக் காய்ச்சல். நாவுலப் பக்கம் எல்லா ஊருலயும் இருந்திச்சு, எங்க ஊருல கொஞ்சம் கூட. பள்ளிக்கூடத்த மருந்து குடுக்கிற இடமாக்கினாங்க. வாங்குகள இழுத்துச் சேர்த்து ஆக்களப் படுக்க வெச்சாங்க. ஏழு மாசம் பாடம் இல்ல. திருப்பித் தொறந்த பொறகும், இன்னிக்கு வந்த புள்ள நாளைக்குப் போர்வைக்குள்ள கெடக்கும். அந்த ஏழு மாசமும் ஊருல நடந்த ஒரே படிப்பு ஹுசைன் லெப்பை வீட்டு குர்ஆன் ஓதுற படிப்புதான். அவருக்கும் காய்ச்சல், புள்ளைகளுக்கும் காய்ச்சல். எழும்பி உக்காரக்கூடிய நேரம் பார்த்து ஓதிக் குடுத்தாரு.

3. இந்த வருசம் தையில கந்தோருல இருந்து சுற்றுநிருபம் வந்திச்சு. விடுபட்ட பாடத்த மீட்கிற வகுப்பு. மூணாம், நாலாம், அஞ்சாம் வகுப்புப் புள்ளைகளுக்கு, பின்நேரம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும், ஆறு மாசத்துக்கு. முதல்ல சோதிச்சு மூணு கூட்டமாப் பிரிக்கணும். கூட்டத்துக்கு ஏத்த வாசிப்பு அட்டையக் குடுக்கணும். கிழமைக்கு ஒருக்கா வர்ற போயா லீவுக்கு முந்தின நாளும் மூணு பிரதியில அறிக்கை அனுப்பணும். எழுதினவங்க நல்ல மனசோடதான் எழுதியிருப்பாங்க. ஆனா எங்க பள்ளிக்கூடத்துல இத செய்ய இருந்தது ரெண்டே பேர். ஒண்ணு மக்கீன் மாஸ்டர். அவருதான் அதிபர், பென்சனுக்கு இன்னும் ஒண்ணரை வருசம். மத்தது மார்ஜரி டீச்சர். ஊரு வஹகோட்டை, வேதக்காரங்க. நாலு வருசமா எங்க வீட்டு அறையிலதான் இருந்தாங்க.

அட்டைப் பெட்டி வந்த அன்னிக்கு டீச்சர் சந்தோசமாத் தொறந்தாங்க. உள்ள எல்லாம் சிங்களம். வேற பள்ளிக்கூடத்துப் பெட்டி மாறி வந்திருக்கும். மக்கீன் மாஸ்டர் பார்த்துட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். படத்த வெச்சுக்குவோம், மத்தத ஒட்டிருவோம்"னு சொன்னாரு. மூணு நாள் பழைய கொப்பிக் கடதாசிய வெட்டி, பசை காய்ச்சி, ஒவ்வொரு அட்டையிலயும் ஒட்டி, மேல தமிழ்ல எழுதினாங்க. பசையில மாவு வாசம். கரப்பான் வந்து பாதிய திண்டிருச்சு. திருப்பி ஒட்டினாங்க.

4. காலயில ஏழரைக்கு நின்ன ரெண்டு பேரும் பின்நேரம் நாலு வரைக்கும் நிக்கணும். புள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்துக் குளிசை கசப்பு, பாதிப் பேரு வாந்தி. மத்தப் பாதி தூக்கம். எழுப்பட்டுமான்னு, ஒத்தாசைக்குப் போயிருந்த நான் ஒருக்கா கேட்டேன். டீச்சர், "விடு றஸ்மியா, காய்ச்சல் விட்ட தூக்கம். அதயும் நாம எடுத்துக்க வேணாம்"னாங்க. அறிக்கையில ஒரு கட்டம் இருக்கு, ஐயாவுக்குத் தெரியும். முன்னேற்றம் இல்லாததற்கு ஆசிரியர் கூறும் காரணம். அதுல ஒரு விரல் அகலத்துக்குத்தான் எடம். மக்கீன் மாஸ்டர் ஒவ்வொரு புள்ள பேருக்கு நேராவும் காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல்னு எழுதுவாரு, காபன் கடதாசி ஓட்டையாகிற வரைக்கும். ஒரு நாள் பேனைய வெச்சுட்டு, "டீச்சர், காரணம் ஆசிரியர்னு எழுதிட்டா கந்தோருக்கும் லேசு, எனக்கும் லேசு"ன்னாரு. சிரிப்புக்குத்தான் சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிக்கல.

முதல் சோதனையில நாப்பத்தி மூணு புள்ளைகள்ல இருபத்தி ஆறு பேருக்கு எழுத்தே தெரியாதுன்னு பதிஞ்சாங்க. அதுல என் தங்கச்சி நாச்சியாவும் ஒருத்தி. வயசு ஒம்பது. பல் படம் போட்ட அட்டையக் காட்டினா பல்லக் காட்டுவா. அதுக்குக் கீழ இருக்கிற எழுத்தக் காட்டினா கூரையப் பார்ப்பா. மாசி போயி பங்குனி போயி சித்திரையும் வந்திச்சு. அவ கூரையத்தான் பார்த்தா.

5. சித்திரையில ஒரு போயா லீவு. டீச்சர் வஹகோட்டைக்குப் போகாம எங்க வீட்டுல அறிக்கை எழுதிட்டு இருந்தாங்க. எங்க உம்மா பேரு ஸைனம்பு. அவ அடுப்படியில ஒரு கிதாப நாச்சியாகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லிட்டு அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா. நாச்சியா கடகடன்னு வாசிச்சா. டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டுட்டு எழும்பி வந்தாங்க.

"இது அரபுதானே?"

"அரபு எழுத்து டீச்சர். பாஷ தமிழ்"னேன் நான். "தொழுறதுக்கு முன்னால பல்லு வெளக்கிறதப் பத்தி இருக்கு."

டீச்சர் அடுப்படி வாசல்லயே உக்காந்துட்டாங்க. "ரெண்டு மாசமா இந்தப் புள்ளைக்கு நான் பல்லுன்னு சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன் றஸ்மியா"ன்னாங்க. உம்மா, "அவளுக்கு அது நல்லா வருமே டீச்சர். நீங்க கேக்கலயே"ன்னா.

ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரியாட்டியும் சொல்றேன். எங்க ஆக்கள் ரொம்பக் காலமா தமிழ அரபு எழுத்துல எழுதி வாசிக்கிறவங்க. பேசுறது தமிழ். எழுத்து மட்டும் அது. மறுநாள் டீச்சர் அந்த இருபத்தி ஆறு பேரயும் கூப்பிட்டு அந்தக் கிதாபக் குடுத்துப் பார்த்தாங்க. பத்தொம்பது பேர் வாசிச்சாங்க. வாசிக்கத் தெரியாதுன்னு நாங்க மூணு பிரதியில எழுதி அனுப்பின புள்ளைகள் பத்தொம்பது பேர்.

6. அதுக்குப் பொறகுதான் டீச்சர் புது மாதிரிப் படிப்பிக்கத் தொடங்கினாங்க. பலகையில ஒரு வரிய, நான் சொல்லிக் குடுக்கக் குடுக்க, அரபு எழுத்துல போடுறது. புள்ளைகள் வாசிக்கும். அதே வரிய கீழ தமிழ் எழுத்துல போடுறது. எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்துன்னு புள்ளைகளே வந்து கோடு போட்டு இணைக்கும். புள்ளைகளுக்குத் தெரிஞ்ச எடத்துல இருந்து தெரியாத எடத்துக்குப் போறது, அவ்வளவுதான். இத எந்த மதத்துல சேர்க்கிறதுன்னு எனக்கு விளங்கல.

ஆனா முதல்ல எதிர்த்து வந்தது ஹுசைன் லெப்பை. ஓதுற எழுத்துல ஆடு மாடு எழுதுறாங்கன்னு கேள்விப்பட்டு, கைத்தடியோட பள்ளிக்கூட வாசலுக்கு வந்துட்டாரு. "டீச்சரம்மா, இந்த எழுத்துலதான் எங்க குர்ஆன் இருக்கு. நீங்க அதுல கத்தரிக்காய் எழுதுறீங்களாமே?"ன்னாரு. டீச்சர், "ஆமா லெப்பை. கத்தரிக்காயில இருந்துதான் புள்ளைகள் மேல ஏறணும். நீங்க வேணாம்னா நிப்பாட்டிர்றேன்"னாங்க. லெப்பை உள்ள வந்து பலகையில இருந்தத ஒரு எழுத்து விடாம வாசிச்சாரு. அப்பொறம், "அந்த 'ரி'க்குக் கீழ கோடு ஒண்ணு விட்டுப் போச்சு"ன்னாரு. ஒரு நிபந்தனையோட விட்டாரு. அந்த எழுத்து கால்ல மிதிபடக் கூடாது. உதறித் தூசியாக் கொட்டக் கூடாது. ஈரத் துணியால தொடச்சு, அந்தத் தண்ணிய ஆள் நடக்காத எடத்துல ஊத்தணும். டீச்சர் சரின்னாங்க. ஒவ்வொரு நாளும் பாடம் முடிஞ்சதும் ஒரு பேசின் சட்டியில தொடச்ச தண்ணிய எடுத்து, ஒரு புள்ள கொண்டு போயி தென்னமரத்தடியில ஊத்தும். இத ஐயா மனசுல வெச்சுக்கணும்.

7. இப்ப என் குத்தம். சித்திரை கடைசியில டீச்சருக்கும் காய்ச்சல் பிடிச்சிருச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வெச்ச மாதிரி ரெண்டு மணிக்கு நடுக்கம் தொடங்கும். லீவு போட்டா வகுப்ப மூடணும், ஏன்னா மக்கீன் மாஸ்டர் அந்தப் பக்கம் ரெண்டு கூட்டத்த வெச்சிருக்காரு. அதனால காய்ச்சல் நாள்ல டீச்சர் போர்வையச் சுத்திக்கிட்டு வாசப்படி வெயில்ல உக்காந்திருப்பாங்க. உள்ள பலகையில நான் நிப்பேன். அவங்க அங்க இருந்து சொல்லுவாங்க, நான் எழுதுவேன். பொறகு பொறகு அவங்க சொல்லாமலே எழுதினேன். ஒரு வாங்குல இருக்க ஏலாத நான் அந்தப் பலகைக்கு முன்னால ரெண்டு மணித்தியாலம் நின்னேன், கால் நோகல. அது பொழைப்பா, பெருமையான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் எனக்கு ஒண்ணும் தரல, நானும் கேக்கல. ஆனா சுற்றுநிருபத்துல ஆறாவது பந்தியில, நியமனம் பெற்ற ஆசிரியர் அல்லாத எவரும் கற்பித்தல் ஆகாதுன்னு இருக்கு. எங்க மூணு பேருக்கும் அது தெரியும்.

8. ஆனி 12ஆம் திகதி. டீச்சருக்குக் காய்ச்சல் நாள். நான் பலகையில, "எருமை மாடு சேற்றில் படுத்திருக்கிறது"ன்னு அரபு எழுத்துல போட்டுட்டு, கீழ தமிழ்ல போட சோக்குக் கட்டிய எடுத்தேன். ரோட்டுல ஜீப் சத்தம். வட்டாரக் கல்வி அதிகாரி. டீச்சர் போர்வையோட எழும்பி உள்ள வந்து, "றஸ்மியா, பின்னால போ"ன்னாங்க. நான் அரைச் சுவரத் தாண்டிக் குதிச்சு மறுபக்கம் குந்திட்டேன். அங்க இருந்து எல்லாம் கேட்டுச்சு.

"யார் இத எழுதினது?"

"நான்தான் சேர்."

"நீங்க கிறிஸ்தவங்கதானே?"

"ஆமா சேர். பழகிக்கிட்டேன்."

"அரசாங்கம் வாசிப்புப் படிப்பிக்கச் சொல்லி வகுப்பு வெச்சா, நீங்க இங்க ஓதிக் குடுக்கிறீங்களா?"

நாச்சியா எழும்பியிருக்கா. "சேர், அது ஓதுறது இல்ல, எருமை. நான் வாசிக்கட்டுமா சேர்?" அவரு, "பெரிய ஆக்கள் பேசுறப்ப வாயப் பொத்திக்கிட்டு இரு"ன்னாரு. ஐயா, வகுப்பு தொடங்கினதுல இருந்து அந்தப் புள்ள தானா எழும்பி வாசிக்கட்டுமான்னு கேட்ட முதல் நாள் அது.

அதுக்குள்ள இன்னொரு புள்ள, நேரமாச்சுன்னு நெனச்சு, பலகையத் தொடச்சு பேசின் சட்டிய எடுத்துட்டு தென்னமரத்துக்குப் போகுது. இது என்னன்னு அதிகாரி கேட்டாரு. "எழுத்த மிதிக்கக் கூடாது சேர்"னு புள்ள சொல்லிச்சு. அதுவும் அறிக்கையில ஏறிச்சு, தண்ணீர் ஊற்றும் மதச் சடங்குன்னு. எருமையும் அழிஞ்சு போச்சு. காட்டுறதுக்கு ஒண்ணும் மிஞ்சல.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் குந்தி இருந்தேன். ஊருல என் வாய்க்குப் பயப்படாத ஆள் இல்ல. அன்னிக்கு அது தொறக்கல. ஜீப் போன பொறகுதான் எழும்பினேன். டீச்சர், "சோக்க கீழ போட்டுட்டுப் போயிட்ட"ன்னு சொல்லி, குனிஞ்சு எடுத்து மேசையில வெச்சாங்க.

9. ஆனி 27ஆம் திகதி கடிதம் வந்திச்சு. மீட்பு வகுப்பு நேரத்துல மத போதனை செஞ்சது, மதச் சடங்கு நடத்தினது. விசாரணை ஆவணி 18ஆம் திகதி. அதுவரைக்கும் டீச்சர் மாத்தளையில கந்தோருக்கு வந்து இருக்கணும். வகுப்பு நிறுத்தம். ஆறு மாச வகுப்பு முடிய அப்ப அஞ்சு கிழமைதான் இருந்திச்சு. எழுத்துத் தெரியாதுன்னு இருந்த இருபத்தி ஆறு பேர்ல பதினேழு பேர் எட்டாவது அட்டை வரைக்கும் தமிழ் வாசிக்கிறாங்க. அந்தக் கணக்கு மக்கீன் மாஸ்டர் எழுதின கடைசி அறிக்கையில இருக்கு. அந்தப் பதினேழு பேருக்கு நேரா அவரு காரணம்னு ஒண்ணும் எழுதல. எழுதவும் தேவப்படல.

10. ஆடி மாசம் நான் டீச்சரப் பார்க்க மாத்தளைக்குப் போனேன். ஒரு மேசை, ஒரு கதிரை, மேசையில ஒண்ணும் இல்ல. மெலிஞ்சுட்டாங்க. உண்மைய எழுதப் போறேன்னு சொன்னேன். "எழுதாத. உன் பேரு வந்தா மக்கீன் மாஸ்டர் பேரும் வரும். அவருக்குப் பென்சன் இருக்கு. எனக்குப் போறதுக்கு வஹகோட்டை இருக்கு. நான் சொன்னது சொன்னதுதான்"னாங்க. அப்பொறம் நாச்சியா எந்த அட்டையில நிக்கிறான்னு கேட்டாங்க. நான் பத்துன்னு பொய் சொன்னேன். அவ எட்டுலயே நிக்கிறா. வகுப்பு நின்ன எடத்துலயே நிக்கிறா.

திரும்பி வந்து மக்கீன் மாஸ்டர்கிட்ட கேட்டேன், உங்க பேரு வந்தா என்ன செய்வீங்கன்னு. அவரு சேர்ட்டப் போட்டுக்கிட்டே, "வந்தா வரட்டும். முப்பத்தொரு வருசம் நல்லாசிரியர் இல்லன்னு யாரும் சொல்லல. கடைசி வருசத்துல பொய்யாசிரியர்னு சொல்ல வெக்காத"ன்னாரு. இந்த மனுவ அவரு வாசிச்சாரு. ரெண்டு எடத்துல எழுத்துப் பிழை திருத்தினாரு. வேற ஒண்ணும் மாத்தல.

11. அதனால நான் கேக்கிறது இதுதான்.

ஆவணி 18ஆம் திகதி என்னய விசாரணைக்குக் கூப்பிடணும். கூப்பிடாட்டியும் முதல் பஸ்ஸில வருவேன், வாசல்ல நிப்பேன். டீச்சருக்கும் எனக்கும் ஒவ்வொரு சோக்கு குடுத்து அந்த எருமை வரிய எழுதச் சொல்லுங்க. அரபு எழுத்து வலது பக்கத்துல இருந்து வரணும். டீச்சருக்கு அது எத்தன நாள் சொல்லியும் கைக்கு வரல, எப்பவும் இடது பக்கத்துல தொடங்கி, புள்ளைகள் சிரிக்க, அழிச்சுட்டுத் திருப்பி எழுதுவாங்க. அறிக்கையில அதிகாரியே எழுதியிருக்காராம், அடித்தல் திருத்தல் இல்லாத நேர்த்தியான எழுத்தில் காணப்பட்டதுன்னு. அது என் எழுத்து.

வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரக் கூப்பிட்டு அதுல மதம் எங்க இருக்குன்னு கேளுங்க. ஹுசைன் லெப்பை வர்றதாச் சொல்லியிருக்காரு. தண்ணி ஊத்தச் சொன்னது தான்தான்னு அவரே சொல்லுவாரு. ஆறாவது பந்திய மீறினதுக்கு தண்டன இருந்தா எனக்குக் குடுங்க. எங்கிட்ட எடுக்க உத்தியோகம் ஒண்ணும் இல்ல, அது ஐயாவுக்கு சிரமம்தான், ஆனா வேற எதயாவது பார்த்துக்கலாம். டீச்சர அம்பகஸ்வெலவுக்குத் திருப்பி அனுப்பணும். மிச்சம் இருக்கிற அஞ்சு கிழமையத் தரணும். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. விசாரணையில டீச்சரத்தான் முதல்ல பேச விடுவாங்க. நான்தான் எழுதினேன்னு சொல்லுவாங்க. சத்தம் போடாம, உங்க முகத்தப் பார்த்துச் சொல்லுவாங்க. கேக்கிற யாருக்கும் நம்பணும்னுதான் தோணும். நாலு வருசம் ஒரே வீட்டுல இருந்தும் அவங்க பொய் சொல்லி நான் கேட்டதில்ல, அந்த ஒரு நாளத் தவிர. தயவுசெஞ்சு ஐயா, அவங்கள நம்பாதீங்க.

எல்லாம் சொல்லிட்டேன். நாள் ரொம்பக் கொஞ்சமா இருக்கு.

இப்படிக்கு,
பணிவோட,
றஹீம் றஸ்மியா
(கையொப்பம்)

இடம்: அம்பகஸ்வெல, நாவுல
திகதி: 1969 ஆவணி 2